டேங்குக்குள் பெட்ரோல் பம்பு: பழைய வண்டிக்காரர்களின் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று பழைய வண்டியை வைத்துக்கொண்டு சென்னை வெயிலோடு மல்லுக்கட்டுபவர்கள், எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பை டேங்குக்குள்ளேயே பொருத்துவது பற்றிக் கேட்டவை இவை. இந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பல்லாவரம், பத்மினி): சார், மே மாத மதியத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டினால் வண்டி அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால்தான் கிளம்பும். டேங்குக்குள் பம்பு போட்டால் சரியாகுமா?

பதில்: கோளாறு பெட்ரோலில் இருந்தால் சரியாகும். எஞ்சினில் இருக்கும் ஏ.சி. பம்பு (குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழைய மெக்கானிக்கல் பம்புக்கு ஒர்க்‌ஷாப்பில் அதுதான் பெயர்) சூட்டில் உட்கார்ந்துகொண்டு பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பைப்பில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். அப்புறம் பம்பு அடிப்பது வெறும் ஆவியைத்தான். டேங்கிலிருந்தே தள்ளினால் பைப் முழுக்க அழுத்தம் இருக்கும், அவ்வளவு லேசில் கொதிக்காது.

ஆனால் காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. அடுத்த தடவை நின்றால் ஏ.சி. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பது. கிளம்பவில்லையா, பிளக்கில் பொறி வருகிறதா பாருங்கள். சூடேறினால் படுத்துக்கொள்ளும் காயிலும் கண்டென்சரும் இதே நாடகத்தைத்தான் ஆடும். பம்பு மாற்றவென்று வந்து, கண்டென்சர் மட்டும் மாற்றிக்கொண்டு போன வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி (வியாசர்பாடி, கான்டெஸா): அண்ணே, புதுப்பேட்டையில் ஒரு எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) டேங்க் பம்பு மலிவாகக் கிடைத்தது. அப்படியே போட்டுவிடலாமா?

பதில்: அப்படியே போடாதே தம்பி. கார்புரேட்டருக்கு வேண்டிய அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. நீ வாங்கிய பம்பு தள்ளுவது 40-க்கு மேல். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்ரோல் கார்புரேட்டரை நிரப்பி வழியும், வழிந்தது சூடான மேனிஃபோல்டில் விழும். மிச்சம் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலைக் கழுவும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். பானெட் திறந்திருந்ததால் பார்த்தேன், பார்த்ததால் பிழைத்தேன்.

சரி, வழி என்ன? கார்புரேட்டருக்கென்று வரும் குறைந்த அழுத்தப் பம்புகள் பெரும்பாலும் வெளியே மாட்டுகிறவை, அவற்றை டேங்குக்குள் முக்கக் கூடாது. அதனால் பலர் எம்.பி.எஃப்.ஐ. பம்பைத்தான் உள்ளே வைக்கிறார்கள். அப்படியென்றால் பைபாஸ் வகை ரெகுலேட்டர் வேண்டும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் வேண்டும். வெறுமனே வழியை அடைக்கிற சாதா ரெகுலேட்டர் போதாது. கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு கேஜ் மாட்டி, 3-ஐத் தாண்டவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பானெட்டை மூட வேண்டும். இன்னொன்று, செகண்ட் ஹேண்ட் பம்பு வேண்டாம். இதற்காக ஒவ்வொரு மாதமும் டேங்கை இறக்கப் போகிறாயா?

கேள்வி (பெரம்பூர், அம்பாசடர்): டேங்கில் ஓட்டை போட்டு, பம்பைப் பிடிக்க வளையம் வெல்டிங் செய்ய வேண்டுமாமே? டேங்க் ஆறு மாதமாகக் காலிதான், பயமில்லையே?

பதில்: காலி டேங்க்தான் பயம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிடக் கெட்டியாக இருக்கும், காற்றுக்கு இடமில்லை. பம்பு உள்ளே ஓடியும் பற்றிக்கொள்ளாததற்கு அதுவே காரணம். காலி டேங்கில்தான் சரியாக அந்த அளவு கலவை உட்கார்ந்திருக்கும். துருவிலும் மூலைகளிலும் ஒட்டிய பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும்.

என் பேச்சைக் கேட்டால் வெல்டிங்கே வேண்டாம். டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, சோப்புத் தண்ணீரில் பல தடவை கழுவி, வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, பொறி பறக்காமல் கைக்கருவியால் வெட்டுங்கள். வளையத்தைக் கேஸ்கெட்டோடு போல்ட் போட்டு இறுக்கலாம். வெல்டிங்தான் என்று பிடிவாதமானால், நீராவி விட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். தெருமுனை டிங்கரிடம் வேண்டாம்.

திறந்ததும் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். துரு இருந்தால் பம்பு வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை எடுங்கள். இல்லாவிட்டால் பம்பின் வாயிலுள்ள வலை ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அப்புறம், பழைய டேங்குகளில் பம்புக்கென்று கிண்ணம் கிடையாது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது கத்திப்பாராவில் வளைந்தால் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்பு காற்றைக் குடிக்கும். அடியில் சின்ன கிண்ணம் வைத்து, ரிட்டர்ன் லைனை அதிலேயே விழ வையுங்கள்.

கேள்வி (அண்ணா நகர், பத்மினி): அண்ணா, அப்பாவின் வண்டி. பம்புக்கு இக்னிஷனிலிருந்தே வயர் இழுத்தால் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். போதுமா?

பதில்: போதாதும்மா. வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றுபோனாலும், சாவி ஆனில் இருக்கும் வரை அந்தப் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பைப் அறுந்திருந்தால் ரோட்டில் ஊற்றும். பழைய ஏ.சி. பம்பு எஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பை நாம் எடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நாம்தான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் இருந்தால்தான் ரிலே பிடிக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தனி வழி. மோதினால் கரண்டைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் ஒன்று போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி (மயிலாப்பூர், மோரிஸ் மைனர்): பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது). தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: ஆமாம். வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், பெட்ரோல் வராது. இரண்டு வயரையும் டேங்க் பாடியில் படாமல் தனித்தனியாக எடுங்கள். டைனமோ ஐடிலில் சார்ஜ் கொடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஹெட்லைட், வைப்பர், பம்பு மூன்றும் ஓடும் மழை இரவில் பேட்டரி இறங்கும்.

கேள்வி (தாம்பரம், அம்பாசடர்): டேங்குக்குள் சாதா பெட்ரோல் ஓஸ் போடலாமா?

பதில்: கூடாது. சாதா ஓஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் நனைந்தால் ஊறிப் பிளந்துவிடும். மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி (அடையாறு, ஹெரால்டு): இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பம்பைக் கெடுக்குமா?

பதில்: புதுப் பம்பை அவ்வளவாகக் கெடுக்காது. பழைய கார்க் கேஸ்கெட், ரப்பர் இதெல்லாம்தான் போகும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். பம்பு இருப்பதும் அடியில்தானே! நவம்பர், டிசம்பரில் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி, மூடி ரப்பரை மாற்றி வையுங்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள் இருப்பதால் வளையத்தில் துளி கசிந்தாலும் வாசனை சீட் வரை வரும். வந்தால் ஓட்டாதீர்கள்.

கேள்வி (பல்லாவரம், மறுபடியும்): சார், ஈரத்துணி போட்டேன், கிளம்பிவிட்டது! பழைய ஏ.சி. பம்பை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கழற்றிவிடுங்கள். அதன் டயாபிராம் கிழிந்தால் புதுப் பம்பு தள்ளும் பெட்ரோல் நேராக ஆயில் சம்ப்புக்குப் போகும். ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள். கழற்றியதைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். புதுப் பம்பு திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் கைவிட்டால் வீடு வர உதவும்.