யாராவது சொல்லியிருப்பார்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கேடட்டாகக் கடற்பயிற்சியை முடித்துவிட்டு, அதிகாரி தகுதிச் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் வழியின் ஓரங்களையும் ஆபத்துகளையும் நிறத்தாலும் விளக்காலும் குறிக்கும் மிதவை முறை பற்றிய பாடம் எனக்குச் சலிப்பைத் தருகிறது. உலகம் முழுவதற்கும் ஒரே முறை என்று சொல்லிவிட்டு அதை ஏ, பி என இரண்டு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை ஏ வட்டாரத்தில் இடப்பக்கம் வருகிறது, பி வட்டாரத்தில் வலப்பக்கம் வருகிறது. இந்த விதிகளை வகுக்கும் ஐயாலா என்ற அமைப்பினர், ஒரு நிறத்தில்கூட ஒத்துப்போக முடியாதவர்கள், 2024இல் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக வேறு மாறியிருக்கிறார்கள். இந்த இரண்டு வட்டாரங்களும் என்றைக்காவது ஒன்றாகுமா? செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் மிதவையும் கலங்கரை விளக்கமும் வெறும் நினைவுச் சின்னங்கள்தானே?

பயிற்சியின் கடைசி மாதத்தில், நள்ளிரவுக்குப் பிறகு, ஒரு கால்வாயின் வளைவில் விளக்கு அணைந்து கிடந்த மிதவை ஒன்றைக் கடந்தோம். ரேடாரில் தெளிவாகத் தெரிந்ததால், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். யாராவது சொல்லியிருப்பார்கள். மிதவை இல்லாமலே பத்திரமாகப் போக முடிகிறது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அன்புடன்,
செ.

*

அன்புள்ள செ.,

கடலில் ஓர் எச்சரிக்கை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மிதவைதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. அதற்கு வருவதற்கு முன் உங்கள் கேள்வியையும் பார்த்துவிடலாம்.

இரண்டு வட்டாரங்கள் பிடிவாதத்தால் உண்டானவை என்று நினைக்கிறீர்கள். 1889இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டுக்குப் பின் சில நாடுகள் கால்வாயின் இடப்பக்கம் கறுப்பு மிதவை, வலப்பக்கம் சிவப்பு மிதவை என்று ஒப்புக்கொண்டன. பிறகு மிதவைகளின் மேல் விளக்கு ஏற்ற முடிந்த காலம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் துறைமுக வாயிலின் இடப்பக்கம் ஏற்கெனவே சிவப்பு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று இடப்பக்கக் கறுப்பு மிதவைகளில் சிவப்பு விளக்கை வைத்தார்கள். வட அமெரிக்காவிலோ வலப்பக்கச் சிவப்பு மிதவையில் சிவப்பு விளக்கு வைப்பதுதான் இயல்பாகத் தோன்றியது. இருவரும் தத்தம் மாலுமிகள் குழம்பக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது. 1936இல் உலக நாடுகள் சங்கத்தின் முயற்சியில் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அது நடைமுறைக்கு வருவதற்குள் போர் வந்துவிட்டது. அதன் பின் ஒவ்வொரு நாடும் தன் கரையைத் தன் போக்கில் குறித்துக்கொள்ள, எழுபதுகளில் உலகக் கடல்களில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் புழக்கத்தில் இருந்தன.

அந்த நிலைக்கு முடிவு கட்டத் தூண்டியவை 1971இன் தொடக்கத்தில் டோவர் நீரிணையில் நடந்த விபத்துகள். ஜனவரி 11ஆம் தேதி, வார்ன் என்னும் மணல்திட்டின் அருகே ‘டெக்சாக்கோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பல் ‘பாராகாஸ்’ என்ற சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாளே ‘பிராண்டன்பர்க்’ என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் ஏறி மூழ்கியது. அதன் பின் அந்த இடத்தில் விளக்குக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தப்பட்டும், பிப்ரவரி 27ஆம் தேதி ‘நிக்கி’ என்ற கப்பல் அதே சிதைவுகளில் மோதித் தன் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கியது. மொத்தம் 51 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கலங்கரை விளக்கத் துறைகளின் சங்கமாக 1957 முதல் இயங்கிவந்த ஐயாலா, இந்த வேலையை வேகப்படுத்தியது. ஏ முறையின் விதிகள் 1976இலும் பி முறையின் விதிகள் 1980இன் தொடக்கத்திலும் முடிவாயின. அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் 50 நாடுகளும் 9 பன்னாட்டு அமைப்புகளும் கூடி இரண்டையும் ஒரே முறைக்குள் கொண்டுவந்தன. வேறுபட்டு நின்றது கால்வாயின் இரு பக்கங்களுக்கான சிவப்பும் பச்சையும் மட்டுமே. ஆபத்தின் எந்தத் திசையில் ஒதுங்கிப் போக வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் கறுப்பு மிதவைகள் எங்கும் ஒன்றுதான். அவற்றின் விளக்கில் கிழக்குக்கு மூன்று மின்னல், தெற்குக்கு ஆறும் ஒரு நீண்ட மின்னலும், மேற்குக்கு ஒன்பது, வடக்குக்கு இடைவிடாத மின்னல் என்று கடிகார முகத்தை ஒட்டி அமைந்த அந்த ஒழுங்கு எந்த நாட்டு மாலுமிக்கும் விளங்கும்.

இனி அவை ஒன்றாகுமா என்றால், ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆக வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பானும் கொரியாவும் பிலிப்பைன்ஸும் தங்கள் கால்வாய்களின் மிதவைகளையெல்லாம் இடம் மாற்றத் தொடங்கினால், அந்த வேலை முடியும் வரை ஒரே கரையில் ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள் இருக்கும். வரைபடத்தில் அச்சிட்டு எல்லோருக்கும் தெரிவித்துவிட்ட வேறுபாட்டை மாலுமி படித்துத் தெரிந்துகொள்ளலாம். எது எந்த முறை என்று தெரியாத மிதவையின் முன்னால் அவர் என்ன செய்வார்?

செயற்கைக்கோள் பற்றிய உங்கள் கேள்விக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. பால்டிக் கடலிலும் கருங்கடலிலும் கிழக்கு மத்தியதரைக் கடலிலும் செல்லும் கப்பல்களின் திரைகளில், ஜி.பி.எஸ். குறுக்கீட்டால், கப்பல் ஏதோ ஒரு விமான நிலையத்தின் நடுவில் நிற்பதாகக் காட்டிய நிகழ்வுகளை நீங்களே படித்திருப்பீர்கள். மின்னணு வரைபடத்தில் மட்டும் தோன்றும் மெய்நிகர் மிதவையைக்கூட அதே ஜி.பி.எஸ். தரும் உங்கள் நிலையை வைத்துத்தான் அணுகுகிறீர்கள். ஐயாலாவை அரசுகளுக்கிடையிலான அமைப்பாக்கி 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை பற்றிய கேலியையும் ஒதுக்கிவிடுகிறேன்.

அந்த மிதவைக்கு வருகிறேன்.

கால்வாயின் வளைவில் விளக்கு அணைந்த மிதவை ஒன்றைக் கண்ணால் கண்டும், ‘யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று எழுதுகிறீர்கள். யார் சொல்லியிருப்பார்கள்? உங்களுக்கு முன்னால் போன கப்பலின் பிரிட்ஜிலும் இதே எண்ணத்தோடு ஒருவர் நின்றிருக்கலாம், பின்னால் வந்த கப்பலிலும் நின்றிருக்கலாம். உங்கள் ரேடாரில் தெரிந்தது என்கிறீர்கள். மழை கொட்டும் இரவில் அலைகளின் எதிரொலிக்கு நடுவே அந்தப் புள்ளியைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ரேடாரே இல்லாத மீன்பிடிப் படகு அதே வளைவில் வந்தால் அதற்கு என்ன இருக்கிறது? பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை ஒரு சான்றாக நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் உள்ளதில்லை. உங்களுக்குக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு பேசாமல் நின்ற மூத்தவர்கள் மேல்தான் அதிகம். நீங்கள் இளையவர், கவனிக்கும் கண் உள்ளவர். கவனித்ததால்தான் இத்தனை நாள் கழித்தும் அது உங்கள் கடிதத்தில் வந்து நிற்கிறது.

நான் செகண்ட் ஆபீசராக இருந்த காலத்தில், நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரையான வாட்சில், அதாவது காவல்முறையில், ஒரு நீரிணையின் நடுவே மேற்குத் திசை மிதவை ஒன்று இருட்டாகக் கிடந்தது. கேப்டனை எழுப்பிச் சொன்னேன். ‘கரைக்குச் சொல்லிவிட்டாயா?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வி.எச்.எஃப். வானொலியில் கரை நிலையத்தை அழைத்து, மிதவையின் பெயர், அது நிற்கும் இடம், கண்ட நேரம், விளக்கு முழுதும் அணைந்திருப்பது ஆகியவற்றைச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்து, லாக் புத்தகத்தில் எழுதினேன். என் வாட்ச் முடிவதற்குள், கடல் எச்சரிக்கைகளை வாங்கி அச்சிட்டுத் தரும் நாவ்டெக்ஸ் கருவி கரகரவென்று ஓடி மெல்லிய தாளில் ஒரு செய்தியைத் தள்ளியது. நான் சொன்ன அதே பெயரும் அதே இடமும், பக்கத்தில் ‘விளக்கு எரியவில்லை’ என்ற குறிப்பும் அதில் இருந்தன. கேப்டன் அதைக் கிழித்து, கடல் வரைபடம் விரித்திருந்த சார்ட் மேசையில் வைத்து, ‘பென்சிலில் ஏற்று’ என்றார். தற்காலிகத் திருத்தம் பென்சிலில், நிலையான திருத்தம் ஊதா மையில் என்பது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். சற்று நேரத்துக்கெல்லாம் எதிரே வந்த கப்பல் ஒன்று அந்த மிதவையை மிகவும் விலகித் திரும்புவதை ரேடாரில் பார்த்தேன். அது எந்த நாட்டுக் கப்பல், அதில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பன்னாட்டு ஒத்துழைப்பு என்று நான் நம்புவது இதைத்தான். மிதவை, கலங்கரை விளக்கம் போன்ற கடற்பயண வழிகாட்டிகளைப் போக்குவரத்தின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் ஏற்ப அமைத்துப் பராமரிப்பது அரசுகளின் கடமை என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. மிக முக்கியமான வழிகாட்டிகள் 99.8 விழுக்காடு நேரம் செயல்பட வேண்டும் என்று ஐயாலா வரையறுத்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அப்படிப்பட்ட விளக்கு ஒன்று மொத்தமாக அணைந்திருக்கக்கூடிய நேரம் சுமார் 53 மணிதான். இந்த அளவைக் காப்பாற்ற, பராமரிப்புக் கப்பலில் போகிறவர்கள் மிதவையைத் தளத்தின் மேல் தூக்கி, ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் பாசியையும் சுரண்டி, கடற்படுகையில் உரசித் தேய்ந்த சங்கிலி வளையத்தின் கனத்தை அளந்து, பறவை எச்சம் மூடிய சூரியத் தகட்டைத் துடைத்து, மீண்டும் அதே இடத்தில் இறக்குகிறார்கள். விளக்கைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி எல்லா மிதவைகளிலும் இல்லை. இல்லாத இடத்தில், விளக்கு அணைந்ததை அவர்களுக்கு யார் சொல்ல வேண்டும், செ.? பிரிட்ஜில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகும் தவறுவது உண்டு என்பதையும் மறைக்கப்போவதில்லை. 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் ‘டிரைகலர்’ என்ற கார் ஏற்றும் கப்பல் மோதலில் மூழ்கியது. காவல் கப்பலும் வானொலி எச்சரிக்கையும் இருந்தும், இரண்டு நாளில் ‘நிகோலா’ அதன் மேல் மோதியது, 2003 ஜனவரி முதல் தேதி ‘விக்கி’ மோதியது. புதிய சிதைவுகளுக்கென்றே நீலமும் மஞ்சளும் நெடுக்குப் பட்டைகளாக அமைந்த, இரு நிறமும் மாறி மாறி மின்னும் மிதவை ஒன்று பிறகு வந்தது. அதைக் கொண்டுவர ஒன்றுகூடியவர்களைத்தான் நிறத்தில் ஒத்துப்போகத் தெரியாதவர்கள் என்கிறீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் கால்வாய் எந்தத் துறைமுகத்தின் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுக்கு எழுதுங்கள். மிதவையின் பெயரும் எண்ணும், நாள், உலகப் பொது நேரப்படி கடந்த நேரம், உங்கள் கப்பல் அப்போது இருந்த இடம், எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தீர்கள், பார்வைத் தெளிவு எப்படி இருந்தது என்பனவற்றை எழுதினால் போதும்; விளக்கம் எதுவும் வேண்டாம். விளக்கு இந்நேரம் சரியாகியிருக்கலாம். ஆனால் அது எப்போது அணைந்தது என்று அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும் நேரம், முதலில் சொன்னவர் கண்ட நேரமாகத்தான் இருக்கும். உங்கள் நேரம் அதற்கு முந்தியதாக இருந்தால், எத்தனை இரவுகள் அந்த வளைவு இருட்டில் கிடந்தது என்ற கணக்கை அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

அன்புடன்.