பன்யன் ஆபரேஷன்: செய்யலாமா, செய்தால் எப்போது பழையபடி நடக்கலாம்?

கால் கட்டைவிரலின் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்து, விரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்துபோவதைத்தான் பன்யன் என்கிறார்கள். அது பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்வது எலும்பு டாக்டர். அதற்கப்புறம் நடக்க வைப்பது என் வேலை. அதனால் என் பதில்களில் ஆபரேஷன் தியேட்டரைவிட வீட்டு மாடிப்படியும் கழிப்பறையும் அதிகம் வரும்.

கேள்வி: மேடம், எனக்கு 46 வயது, பள்ளி ஆசிரியை. வலி பெரிதாக இல்லை. ஆனால் கால் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் செய்துவிடலாமா?

வேண்டாம். கல்யாணத்துக்காகவும் வேண்டாம், அழகுக்காகவும் வேண்டாம். வலியில்லாத காலில் கை வைத்து, மூட்டு விறைத்தோ விரல் ஓரம் மரத்தோ போய்விட்டால் அந்தத் தொல்லை புதிதாக நீங்கள் வாங்கிக்கொண்டது. தவிர, இரண்டாம் மாதத்தில் நாள் முழுக்க மண்டபத்தில் நின்றால் சாயங்காலம் கால் எந்தச் செருப்பிலும் நுழையாது.

அகலமான செருப்பு போட்டும் வலிக்கிறது, கடைக்கு நடந்துபோவதையே குறைத்துக்கொண்டீர்கள், கட்டைவிரல் தள்ளித்தள்ளி இரண்டாவது விரல் மேலே ஏறுகிறது, புடைப்பின் மேல் தோல் அடிக்கடி புண்ணாகிறது. இவற்றில் ஏதாவது வந்தால் அப்போது யோசிக்கலாம். அவசரமே இல்லாத ஆபரேஷன் இது.

கேள்வி: புடைப்பை மட்டும் சீவி எடுத்துவிட முடியாதா? எதற்கு எலும்பை வெட்டி ஸ்க்ரூ போடுகிறார்கள்?

பலரும் அங்கே ஏதோ எலும்பு புதிதாக முளைத்திருப்பதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பாதத்தின் முதல் நீள எலும்பு உள்பக்கம் விலகுகிறது, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. நடுவில் துருத்திக்கொண்டு நிற்பது அந்த எலும்பின் தலைதான். அதைச் சீவினால் கொஞ்ச நாள் நன்றாகத் தெரியும். விலகின எலும்பு விலகினபடியே இருப்பதால் மறுபடி வந்துவிடும்.

அதனால்தான் எலும்பை வெட்டி நகர்த்தி, அது அசையாமல் இருக்க ஸ்க்ரூ போடுகிறார்கள். எவ்வளவு நகர்த்துவது என்பதை நின்றபடி எடுத்த எக்ஸ்ரே சொல்லும். படுத்து எடுத்த படத்தில் சாய்வு குறைவாகத் தெரியும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். விரல் சாயும் கோணம் 15 டிகிரிக்கு மேல் போனால் பன்யன், 40-ஐத் தாண்டினால் கடுமையானது என்று பொதுவாக ஒரு கணக்கு. லேசானதற்கு செவ்ரான் என்ற வகை வெட்டு, அதைவிடப் பெரியதற்கு ஸ்கார்ஃப் என்ற வெட்டு, தேவைப்பட்டால் கூடவே விரல் எலும்பில் அகின் என்ற சிறு வெட்டு. பாதத்தின் நடுவில் உள்ள மூட்டே ஆட்டம் கண்டிருந்தால் அதை ஒட்டவைக்கும் லாப்பிடஸ் என்ற ஆபரேஷன். கட்டைவிரல் மூட்டு தேய்ந்தே போயிருந்தால் அந்த மூட்டையே அசையாதபடி இறுக்கிவிடுவார்கள். டாக்டரிடம் எந்த வகை என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். காலை எப்போது ஊன்றலாம் என்பதே அதைப் பொறுத்தது.

இப்போது சிறு துளை வழியாகவும் செய்கிறார்கள். தழும்பு சிறியது, வீக்கமும் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே எலும்பு வெட்டப்பட்டதுதான். வெட்டின எலும்பு ஒன்றுசேர ஆறு வாரமாவது ஆகும். "மறுநாளே சகஜமாக நடக்கலாம்" என்ற விளம்பரத்தை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் விரல் இடுக்கில் வைக்கும் சிலிகோன் தடுப்பும் ராத்திரி கட்டும் பட்டையும் வாங்கினேன். விரல் நேராகுமா அக்கா?

நேராகாது. பெரியவர்கள் காலில் எந்தப் பட்டையும் எலும்பைத் திரும்பக் கொண்டுவராது. கழற்றினால் பழைய இடம். ஆனால் உரசலும் வலியும் குறைந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதைவிடப் பலன் தருவது செருப்பு. ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள், உங்கள் ஷூவை அதன் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூவை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இந்தியக் கழிப்பறை. நானும் கணவரும் மட்டும்தான். எத்தனை நாள் படுக்கை?

எல்லோரும் பணத்தைக் கணக்குப் போடுகிறார்கள், ஆறு வாரம் யார் சமைப்பார்கள் என்று போடுவதில்லை. நீங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டதே பாதி வெற்றி.

முதல் இரண்டு வாரம் கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்து ஸ்டூலில் வைத்தால் போதாது. படுத்து, கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. சாப்பிடவும் பாத்ரூமுக்கும் மட்டும் எழுந்தால் போதும். மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள், அது பெரும்பாலும் ராத்திரியில்தான் தெளியும். வலி வந்தபிறகு மாத்திரையைத் தேடாமல், டாக்டர் சொன்ன நேரப்படி முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

குந்தி உட்கார்ந்து எழும்போது குதிகால் தூக்கினால் கட்டைவிரல் மடங்கும். அது இப்போது கூடவே கூடாது. கமோடு சேர் ஒன்றை வாடகைக்கு எடுத்து முதல் நாளே வீட்டில் வைத்துவிடுங்கள். குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி, கட்டு நனையாமல் உறை. தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அதுவரை மாடி இறங்கும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

செவ்ரான், ஸ்கார்ஃப் என்றால் பெரும்பாலும் கெட்டி அடிப்பாகம் உள்ள தனி ஷூவோடு, குதிகாலில் பாரம் வைத்து மெதுவாக நடக்க விடுவார்கள். லாப்பிடஸ் என்றால் சில வாரம் ஊன்றவே கூடாது என்று சொல்லலாம். அந்த ஷூ உயரமானது, அதனால் மறு காலுக்கும் அதே உயரத்தில் ஒரு செருப்பு போடுங்கள். இல்லையென்றால் பாதம் சரியாகும்போது இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். இரண்டு காலுக்கும் ஒரே நேரத்தில் வேண்டுமா என்று கேட்டால், மாடி வீட்டுக்கு என் பதில் ஒவ்வொன்றாக.

கணவர் புகைப்பவராக இருந்தால் அது அவர் பாடு. நீங்கள் புகைப்பவராக இருந்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும், நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பைக் எப்போது ஓட்டலாம்?

பிரேக்கைத் தயங்காமல் ஓங்கி மிதிக்க முடிகிறபோது. வலது கால் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். இடது கால்தானே என்று நினைக்காதீர்கள் தம்பி. கியரைத் தூக்குவது அந்த விரல்தான். சிக்னலில் ஊன்றுவதும் பெரும்பாலும் அந்தக் கால்தான், ஆகவே ஸ்கூட்டருக்கும் இதே கணக்கு.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து பத்து வாரம். சாயங்காலம் வீங்குகிறது, விரல் மடங்கவில்லை, உள்ஓரம் மரத்திருக்கிறது. தப்பாகிவிட்டதா?

வீக்கம் ஆறு மாதம் வரை சாதாரணம், சிலருக்கு ஒரு வருடம்கூட. காலையில் வடிந்துவிட்டால் கவலை வேண்டாம். மரப்பு, வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் சின்ன நரம்பால் வருவது. பலருக்கு மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

மடங்காததைத்தான் விடக்கூடாது. அடி வைக்கும்போது கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கினால்தான் கால் முன்னே தள்ளும். மூட்டை இறுக்கும் ஆபரேஷனாக இல்லாமல், டாக்டரும் சரி என்றிருந்தால், மூட்டுக்குப் பின்னால், பாதத்தின் பக்கம் உள்ள எலும்பை ஒரு கையால் பிடித்து, மறு கையால் விரலை மேலும் கீழும் மெதுவாக மடக்குங்கள். தினமும் மூன்று நான்கு தடவை. விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், அது வேறு மூட்டைத்தான் அசைக்கும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காயத்தில் சீழ் அல்லது காய்ச்சல் இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. செய்யலாமா?

முதலில் பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 8-க்குக் கீழே வரட்டும் என்று பல டாக்டர்கள் காத்திருப்பார்கள். உணர்ச்சி குறைந்த காலில் புடைப்பு உரசிப் புண்ணாவது பெரிய ஆபத்து. ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்றாலும் பாதத்தைத் தினமும் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, அந்த மூட்டு ஒரே ராத்திரியில் சிவந்து கொதித்தால் அது பன்யன் இல்லை. யூரிக் ஆசிட் வாதமாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். சர்க்கரை உள்ளவர் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. இப்போதே செய்துவிட்டால் நல்லதா?

எலும்பு வளர்ந்து முடியட்டும். வளரும் வயதில் செய்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதுவரை பள்ளி ஷூவை அகலமாக வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: நாலு மாதம் ஆகிறது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் வெறுங்காலில் போகலாமா?

14 கிலோமீட்டர், அதுவும் தார் ரோட்டில் வெறுங்காலில். இந்தப் பௌர்ணமிக்கு வேண்டாம். முதலில் ஷூ போட்டு 3 கிலோமீட்டர், அப்புறம் 5, அப்புறம் 8 என்று ஏற்றுங்கள். மறுநாள் காலை வீக்கம் இல்லையென்றால் மட்டும் அடுத்த கட்டம். எட்டைத் தாண்டிய பிறகு வெறுங்காலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பழகுங்கள். இப்போதே போயாக வேண்டும் என்றால் பௌர்ணமி இல்லாத வேறொரு நாளில் ஆட்டோவில் சுற்றிவிட்டு, கோயிலுக்குள் மட்டும் நடங்கள்.