கடைசி மாதச் சம்பளத்தைப் பையனே போய்க் கேட்கட்டும்

கேள்வி: எங்கள் வீடு கடலூர் முதுநகரில். மகனுக்கு 18 வயது. பிளஸ் டூ முடித்ததும் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தான். ஜூலையில் சேர்ந்தவனைப் பொங்கல் முடிந்த கையோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவன் அப்பா கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று குதிக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் அப்பாவை உட்கார வையுங்கள். கடைக்கு யாராவது போகத்தான் வேண்டும், கணக்குப் பாக்கி இருக்கிறது. ஆனால் போக வேண்டியவன் உங்கள் மகன். 18 வயது ஆகிவிட்டது, வேலை அவன் பெயரில் இருந்தது, கையெழுத்தும் அவனுடையது. அப்பா போய்ச் சத்தம் போட்டால் ஃப்ளோர் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார், அப்புறம் "ஓனர் ஊரில் இல்லை" என்பார். பையன் மறுபடி அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். அப்படியே போக வேண்டுமென்றால் அப்பா கூடப் போய் எதிர் டீக்கடையில் உட்காரட்டும்.

"பொங்கல் முடிந்த கையோடு" என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஜவுளிக்கடைகள் ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுக்க ஆரம்பிக்கும், தீபாவளிக்கு இன்னும் கூட்டும், பொங்கல் வியாபாரம் ஓய்ந்ததும் கடைசியாகச் சேர்ந்தவர்களில் இருந்து கழிக்கும். அடுத்து வருகிற முகூர்த்த வியாபாரத்துக்குப் பழைய ஆட்களே போதும். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் உடைப்பவரும் கூடை தூக்குபவரும் சும்மா இருக்கிறார்கள். அதை யாரும் வேலை போய்விட்டது என்று சொல்வதில்லை. ஜவுளிக்கடைக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஜூலையில் சேரும்போது அதை யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் சீசன்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அவனிடம் கேளுங்கள். "ஏன்டா அனுப்பிட்டாங்க?" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் வரும். "கடைசி நாள் உன்ன யாரு கூப்பிட்டுப் பேசினாங்க? என்ன வார்த்தை சொன்னாங்க? உன்கூட இன்னும் யாரையெல்லாம் நிறுத்தினாங்க?" என்று கேளுங்கள். கூடவே நாலைந்து பேரை நிறுத்தியிருந்தால் அது சீசன். அவனை மட்டும் நிறுத்தியிருந்தால் வருகைப் பதிவைப் பற்றிக் கேளுங்கள். முதுநகரில் பஸ் ஏறி, பஸ் நிலையத்தில் மாறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நெரிசலில் போகிற பையன்கள் பத்து இருபது நிமிடம் தாமதமாவது சாதாரணம். சில கடைகளில் மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள். காரணம் அதுதான் என்றால் அடுத்த வேலையைத் தூரத்தைப் பார்த்துத் தேட வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தது, சேலை காணாமல் போனது என்று ஏதாவது பேச்சு வந்ததா என்றும் மெதுவாகக் கேளுங்கள். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்வது பெரும்பாலும் இதற்குத்தான். அப்படி இருந்தால் எந்த ஒப்புதல் கடிதத்திலும் வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இனி கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்: சேர்ந்த தேதி, கடைசி நாள், மாதச் சம்பளம், ஜனவரியில் வேலை செய்த நாட்கள், தீபாவளி வாரத்தில் கூடுதலாக நின்ற மணி நேரம், எடுத்த அட்வான்ஸ், யூனிஃபார்முக்குப் பிடித்த டெபாசிட். டெபாசிட்டை அனேகமாக எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். யூனிஃபார்மைத் துவைத்து மடித்து எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பணம் வரும்.

வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் "பத்தாம் தேதி எல்லாரோடயும் சேர்த்து வாங்கிக்கோ" என்பார்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். அந்தத் தேதியை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கிவிட்டால் போதும். "சார், பிப்ரவரி 10 வந்து வாங்கிக்கிறேன், சரிதானே?" என்று இவன் அனுப்பி, அவர் "ஓகே" என்றால் அதுவே எழுத்துதான்.

போனஸை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் முடித்தால்தான் போனஸ் என்று கடைகளில் சொல்வது வழக்கம். சட்டம் கேட்பது அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை மட்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையாக இருந்து, சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் குறைந்தது 8.33 சதவீதம். மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே ஏழு மாதத்துக்கு 4,082 ரூபாய் வருகிறது. குறைந்தபட்சக் கூலி அதைவிட அதிகம் என்றால் இதுவும் கூடும். தீபாவளிக்கு ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொள்வார்கள். மீதி இப்போதே கைக்கு வராது. கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிந்து எட்டு மாதத்துக்குள் தர வேண்டும், அதாவது நவம்பருக்குள். திருட்டு, மோசடி, அடிதடி என்று காரணம் காட்டி நீக்கினால் போனஸ் கிடையாது. கையெழுத்து விஷயத்தில் நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.எஃப். பிடித்தார்களா என்று சம்பள ரசீதில் பாருங்கள். உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 11,000 என்றால் அவன் பங்கு 12 சதவீதம், 1,320 ரூபாய். கடைக்காரர் கட்டும் 12 சதவீதத்தில் 916 ரூபாய் பென்ஷனுக்குப் போய், 404 ரூபாய் இவன் கணக்கில் சேரும். முழு ஏழு மாதம் கட்டியிருந்தால் பாஸ்புக்கில் 12,068 ரூபாய் தெரிய வேண்டும். யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) எண்ணோடு இணைத்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். ரசீதில் பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாமல் இருப்பதும் நடக்கிறது. உடனே பார்த்தால் உடனே கேட்கலாம்.

இதில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று பெயர். மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "கார்த்திக் செல்வம்", பி.எஃப்.-இல் மூன்றாவதாக ஒன்று. பின்னால் பணம் எடுக்கும்போது இந்த இனிஷியலே குறுக்கே நிற்கும், அதைத் திருத்தக் கடையின் ஒப்புதல் தேவைப்படலாம். மனஸ்தாபம் முற்றுவதற்குள் கேட்டு வாங்குவது நல்லது. மற்றொன்று, வேலை விட்ட தேதி. கடை அதைப் பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அவனே ஆதார் ஓ.டி.பி. போட்டுப் பதியலாம். பிரவுசிங் சென்டரில் செய்யக் கொடுத்தால் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். சிலர் வேலை சுலபமாக முடியட்டும் என்று தங்கள் கைபேசி எண்ணைப் பதிந்துவிடுகிறார்கள். அடுத்த வேலையில் இதே யு.ஏ.என். எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், புதிதாக ஒன்று வாங்கக் கூடாது.

"சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்னு எழுதிக் கொடு" என்று கேட்டால்? கறாராகப் பார்த்தால் எழுதிக் கொடுக்கக் கூடாது. நிறுத்தியது அவர்கள். இதே கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தால் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41ஆம் பிரிவைக் காட்டி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவனுக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கேட்கலாம். புதுச்சேரிக்குத் தனிச் சட்டம், 1964-இல் வந்தது. முறையிடுவதென்றாலும் வேலை செய்த இடம்தான் கணக்கு, ஆகவே புதுச்சேரி தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும். கடலூர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒரு மாதம் அலைந்துவிட்டுத் திரும்பாதீர்கள். என்னைக் கேட்டால், முழுப் பாக்கியும் அனுபவச் சான்றிதழும் அன்றைக்கே கைக்கு வருமானால் விலகல் கடிதம் கொடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. 18 வயதுப் பையனுக்கு "ஜூலை முதல் ஜனவரி வரை விற்பனைப் பிரிவில் பணிபுரிந்தார்" என்கிற தாள் அடுத்த கடையில் உதவும். பணம் பிறகு, சான்றிதழ் பிறகு, கடிதம் மட்டும் இப்போது என்றால் வேண்டாம்.

வீட்டுப் பக்கம் வருவோம். இரவு பத்து மணிக்கு மேல் வீடு வந்து, பதினொன்றுக்குச் சாப்பிட்டு, ஏழு மாதம் நின்றே வேலை பார்த்த உடம்பு. முதல் வாரம் தூங்கட்டும், அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து எழுகிற நேரத்தை மட்டும் பிடியுங்கள், எட்டு மணி என்றால் எட்டு. மற்றதில் விட்டுக்கொடுக்கலாம். சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். அவனாக வந்து உட்கார்ந்தால் வேலைப் பேச்சை எடுக்காதீர்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வேலையைப் பற்றிப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை அரை மணி நேரம் போதும்.

உறவுக்காரர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வரியை அவனோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். "சீசனுக்கு எடுத்தாங்க, முடிஞ்சுது, அடுத்தது பாத்துக்கிட்டு இருக்கான்." அத்தை கேட்டாலும் எதிர்வீட்டுக்காரர் கேட்டாலும் அதே வரி. அவன் முன்னால் நீங்கள் ஒன்றும் அப்பா ஒன்றுமாகச் சொன்னால் அன்றைக்கு முழுக்கக் கதவு திறக்காது.

பைக்கை இ.எம்.ஐ.-இல் எடுத்திருந்தால் இந்த மாதத் தவணை யார் கட்டுவது என்று இன்றைக்கே பேசுங்கள். அதைக் கட்டத்தான் பையன்கள் கடன் ஆப்களில் போய் விழுகிறார்கள். இரண்டு மூன்று தவணை நீங்கள் கட்டி நோட்டில் அவன் பேரில் எழுதுங்கள், வேலை கிடைத்ததும் தரட்டும். சம்பளக் கணக்கில் சில மாதம் பணம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் போடலாம், அதையும் கேட்டு வையுங்கள். இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. "உன் அக்கவுண்டையும் சிம்மையும் ஒரு வாரம் கொடு, ஐயாயிரம் தரேன்" என்று யாராவது வந்தால் அது ஆன்லைன் மோசடிப் பணத்தைப் புரட்டுகிற வேலை. வழக்கு கணக்குக்காரன் மேல்தான் வரும். டெலிகிராமில் டாஸ்க் செய்தால் காசு என்பதும் வேலையல்ல. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மது விஷயத்தில் உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 21 வயது வேண்டும், புதுச்சேரியில் 18 போதும், எல்லையோ பக்கத்திலேயே இருக்கிறது. பழைய கூட்டாளிகளைப் பார்க்க அடிக்கடி அந்தப் பக்கம் போனால் கவனியுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். "நான் உங்களுக்குப் பாரம்" என்கிற மாதிரி பேசினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்தாலோ அன்றைக்கே கவனியுங்கள். "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. நேரில் காட்டக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ. முந்திரிக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதை இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த வேலைக்கு "நமக்குத் தெரிந்தவர்" மூலம் மறுநாளே சேர்த்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மாதத்தில் மறுபடி வீட்டுக்கு வருவான், இந்தத் தடவை தெரிந்தவரின் மனஸ்தாபத்தோடு. ஜவுளி வேலை பிடித்திருந்ததா என்று அவனைக் கேளுங்கள். பிடித்திருந்தால் மே மாதப் பள்ளிச் சீருடை வியாபாரத்துக்குக் கடைகள் மறுபடி ஆள் தேடும். அனுபவச் சான்றிதழோடு ஏப்ரலிலேயே போய் நிற்கலாம். இடையில் கிடைக்கும் மாதங்களில் நான்கு சக்கர ஓட்டுநர் உரிமம் எடுக்கட்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், அதை நம்பி உட்கார வேண்டாம். அரசு உதவித்தொகையும் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்குத்தான், பிளஸ் டூவுக்கு மாதம் 400 ரூபாய். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று அறுபதாயிரம் கேட்கிற பயிற்சி மையங்கள் பக்கமே போகாதீர்கள்.

நின்று விற்கிற வேலை ஒத்துவரவில்லை என்றால் கடலூர் அரசு ஐ.டி.ஐ. பாருங்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக்கு அசல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் வேண்டும். வேலையில் சேரும்போது கடையில் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்களா என்று இன்றைக்கே அவனைக் கேளுங்கள். வாங்கியிருந்தால், சம்பளம் வாங்கப் போகிற அன்றைக்கு முதலில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் மற்ற பேச்சை எடுக்கச் சொல்லுங்கள்.