கஸ்டம் டேங்க்ல பெட்ரோல் மூடி ஓரத்துல கசியுது, சிலிகான் போட்டு அடைச்சா நிக்குமா?

நிக்காது ப்ரோ. போட்டு பட்டவன் சொல்றேன்.

என் வண்டி ஆர்எக்ஸ் 100, டேங்க் மட்டும் வியாசர்பாடில ஒரு டிங்கரிங் கடையில தகடு வளைச்சு செஞ்சது, 11 லிட்டர் பிடிக்கும். மூடி புதுப்பேட்டைல பழைய சாமான்ல பொறுக்குனது, அதோட கழுத்தையும் சேத்து வாங்கி டேங்க்ல வெல்டு வெச்சோம். பாக்க செம்மையா இருந்துச்சு, ஆனா ஃபுல் டேங்க் போட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு பின்னால ஒரு பிரேக் அடிச்சா போதும், பெட்ரோல் தெறிச்சு பேண்ட் நனைஞ்சு தொடை எரியும், வீட்டுக்கு வந்தா அம்மா "பங்க்ல வேலைக்கு சேந்துட்டியாடா"ன்னு கேப்பாங்க.

மொதல்ல சைக்கிள் ட்யூப்ப வெட்டி வாஷரா போட்டேன், ரெண்டே நாள்ல பொரிச்ச அப்பளம் மாதிரி உப்பி நெளிஞ்சு மூடியே சாத்த முடியல. அடுத்து நீங்க கேக்குற அதே சிலிகான். பெட்ரோல் பட்டா அது ஊறும், ஊறுனா பிடிப்பு விட்டு உரியும், என்னோடது ஜவ்வு ஜவ்வா பிஞ்சு உள்ள விழுந்து டேங்க் அடியில பெட்ரோல தொறந்து மூடுற பெட்ரோல் காக்கோட ஃபில்டர்ல போய் உக்காந்துகிச்சு. டெஃப்லான் டேப்பும் வேஸ்ட், அது மரை போட்ட பைப்புக்கு, அமுங்கி உக்கார்ற மூடிக்கு இல்ல.

இதுல பெரிய கூத்து இன்னான்னா, சிலிகான் பூசுன ஜோர்ல மூடில இருந்த குண்டூசி ஓட்டையையும் சேத்து அடைச்சிட்டேன், அதுலதான் கசியுதுன்னு நெனச்சு. மறுநாள் மிண்ட் மணிக்கூண்டு கிட்ட வண்டி இழுத்து இழுத்து நின்னு போச்சு. வேர்க்க வேர்க்க உதைக்கிறேன், ஊஹூம். சரி பெட்ரோல் இருக்கான்னு மூடிய தொறந்தேன், புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு, அப்புறம் ஒரே உதை, ஸ்டார்ட். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு, "இன்னா தம்பி, அது மூச்சு உட வேணாமா? கொயந்த பால் பாட்டில உறிஞ்சா நிப்பிள் சப்பிக்கும்ல, காத்து போனாதான பால் வரும், அத்த மாரிதான் இதுவும்."

அவருதான் ஒரு கண்ணாடித் துண்ட கழுத்து மேல வெச்சு காட்டுனாரு. வெல்டு வெச்ச சூட்டுல வாய் வளைஞ்சிருக்கு, ஒரு பக்கம் நகம் நுழையுற சந்து! எந்த ரப்பர் போட்டாலும் எப்படி நிக்கும்? டேங்க காலி பண்ணி, கழுத்துக்குள்ள துணி அடைச்சு (தூள் உள்ள விழக்கூடாது), கண்ணாடில எமரி ஷீட்ட ஒட்டி கையாலயே தேச்சோம், மொதல்ல 120 நம்பர் சொரசொரப்பு ஷீட், அப்புறம் 320 நைஸ் ஷீட். ஒரு மணி நேரம் தோள்பட்டை கழண்டுச்சு. சோம்பேறித்தனப்பட்டு கிரைண்டர் வெச்சிடாதீங்க, காலி டேங்க்தானன்னு நெனப்போம், உள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கும், வெல்டிங்கும் அதே கதைதான்.

ரப்பர் வாங்கும்போது வைட்டான்னு பெட்ரோல் தாங்குற ரப்பர் ஒண்ணு இருக்கு, அத கேட்டு வாங்குங்க, நைட்ரைல்ங்கிற இன்னொரு வகை ரப்பர விட காசு கூட, ஆனா இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அதுக்கு வைட்டான் நல்லா தாங்கும். நான் 3 மில்லிமீட்டர் ஷீட்ல வெட்டி போட்டேன். போட்டதும் வாய் ஓரத்துல ஸ்டாம்ப் பேட் மைய லேசா தடவி மூடிய சாத்தி தொறந்து பாருங்க, ரப்பர்ல வட்டம் முழுசா விழுந்திருக்கணும், எங்க விட்டுப்போகுதோ அங்கதான் கசியும், திரும்ப தேய்க்கணும்.

காத்து ஓட்டைக்கு, டேங்க் புதுசா செய்றவங்கன்னா செய்யும்போதே வாய்க்கு கீழ இருந்து டேங்க் உள்ளாறயே அடி வரைக்கும் ஒரு மெல்லிசு பைப் விட சொல்லிடுங்க, அடியில ஓஸ் மாட்டி சைலன்சர் பக்கம் போகாம தரைய பாத்து விட்டுடலாம். நான் ஏற்கனவே பெயிண்ட் அடிச்சிட்டேன், அதனால மூடில ஒன்வே வால்வு, காத்து உள்ள போகும், பெட்ரோல் வெளிய வராது.

அப்புறம் வாய் வரைக்கும் ரொப்பாதீங்க. பங்க்ல தரைக்கு அடியில குளுகுளுன்னு இருந்த பெட்ரோல் நம்ம ஊரு வெயில்ல 20 டிகிரி ஏறுனா 11 லிட்டருக்கு கிட்டத்தட்ட 200 மில்லி பெருகும், அது எங்கதான் போவும்? நான் கழுத்துக்கு ரெண்டு விரக்கடை கீழயே நிறுத்த சொல்லிடுவேன், பங்க் பசங்க இன்னும் 10 ரூவாய்க்கு போடட்டான்னு கேப்பாங்க, வேணாம்னுடுவேன். மாட்டி ஏழு மாசம் ஆச்சு, பேண்ட் காஞ்சுதான் இருக்கு.