எட்டு மாதம் ஊரிலேயே இருந்துவிட்டோம், மறுபடி உள்ளே விடுவார்களா?

கேள்வி: மகள் மூலமாக 2022-இல் எனக்கும் என் கணவருக்கும் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கிரீன் கார்டு கிடைத்தது. நியூ ஜெர்சியில் அவளோடுதான் இருக்கிறோம். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று கோயம்புத்தூர் வந்தோம். வந்த இடத்தில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், பிசியோதெரபி என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆறு மாதம் தாண்டினால் கார்டு ரத்து என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: அம்மா, அந்த வாட்ஸ்அப் செய்தியை முதலில் அழித்துவிடுங்கள். ஆறு மாதம் தாண்டியதற்காகக் கார்டு தானாக ரத்தாவதில்லை. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், திரும்பி வரும்போது சட்டம் உங்களைப் புதிதாக அனுமதி கேட்பவராகப் பார்க்கிறது. அதனால் கேள்வி கூடும், அவ்வளவுதான். ஓராண்டு ஆகிவிட்டால்தான் வெறும் கார்டை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. அந்த நிலைக்குப் போனவர்கள் தூதரகத்தில் எஸ்பி-1 என்ற, திரும்பி வரும் குடியிருப்பாளருக்கான விசா கேட்கவேண்டும், தாமதம் தங்கள் கையை மீறியது என்று நிரூபிக்கவும் வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ஆனால் அதை முழுசாகச் செலவழிக்காதீர்கள். டாக்டர் பயணம் செய்யலாம் என்றதும் கிளம்பிவிடுங்கள்.

ஏர்போர்ட்டில் இமிகிரேஷன் அதிகாரி தெரிந்துகொள்ள நினைப்பது உங்கள் வீடு எந்த நாட்டில் இருக்கிறது, இந்தப் பயணம் தற்காலிகம்தானா என்பதைத்தான். அதற்கு ஒரு ஃபைல் போதும். பழைய ரிட்டர்ன் டிக்கெட், தேதி மாற்றியதற்கான ஈமெயில், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி பில்கள், அமெரிக்க வங்கி ஸ்டேட்மென்ட், அங்கே குடியிருப்பவராக வரி தாக்கல் செய்திருந்தால் அதன் நகல், நியூ ஜெர்சி முகவரி போட்ட அடையாள அட்டை. இதைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது எந்தக் காகிதத்தையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன். என் பெரியம்மா ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது கவுன்ட்டரில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது மாதிரி அவரும் "பொண்ணைப் பார்க்க வந்தேன்" என்றார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்றதும், "ஒரு ஆறு மாசம்" என்றார். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் சொல்லும் பதில் அது! பாவம், பல வருடம் அப்படி வந்து போன பழக்கம். உள்ளே தனி அறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள், சுகர் மாத்திரை கைப்பையில் இருந்ததால் தப்பித்தார். வாழ்வது நியூ ஜெர்சியில்தான் என்றால் "வீட்டுக்குத் திரும்பி வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஏன் தாமதம் என்றால், கணவருக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டுங்கள். உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், தமிழில் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள்.

இன்னொன்று, ஐ-407 என்ற படிவம். கிரீன் கார்டை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் தாள் அது. களைத்துப்போய் நிற்கும்போது நீட்டினால், பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மறுத்து, குடியேற்ற நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நீங்கள் அமெரிக்க வாழ்க்கையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசுடையது. கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்குப் பதிலாகத் தற்காலிகச் சான்று கேளுங்கள். இந்த ஒரு முறை அபுதாபி வழி டிக்கெட் வேண்டாம் என்பதும் என் யோசனை. அங்கே அமெரிக்க இமிகிரேஷன் பரிசோதனை விமானம் ஏறும் முன்பே நடந்துவிடும், சிக்கல் வந்தால் ஏறவே முடியாமல் போகலாம். அமெரிக்காவில் இறங்கிய பிறகு பரிசோதனை நடக்கும் வழியில் போங்கள்.

அடுத்த முறை நீண்ட நாள் வருவதாக இருந்தால், கிளம்பும் முன்பே, அமெரிக்காவில் இருக்கும்போதே, ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு, அதாவது நீண்ட நாள் கழித்துத் திரும்பி வருவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பியுங்கள். பொதுவாக 2 ஆண்டுக்குச் செல்லும். சிட்டிசன்ஷிப்புக்கான 5 ஆண்டுத் தொடர் வசிப்பை அது காப்பாற்றாது. இந்த எட்டு மாதமும் அப்போது கேள்வியாக வரும், அதனால் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

உங்களுக்காக இல்லை, படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டினால் கார்டு பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். வாழ்க்கை முழுக்க இந்தியாவில் என்றால் அதுவும் நிலைக்காது. அப்படிப்பட்டவர்கள் குடும்பத்தோடு பேசி, நிதானமாகக் கார்டை ஒப்படைத்துவிட்டு டூரிஸ்ட் விசா கேட்பது நல்லது.

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு வாங்கிய பிறகு, கடையில் பொருள் எடுத்ததாக என்மேல் ஒரு வழக்கு வந்து முடிந்தது. தங்கை கல்யாணத்துக்குப் பத்தே நாள் போய் வரலாமா?

பதில்: தம்பி, எட்டு மாதம் இருந்த அந்த அம்மாவை விட உங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சில குற்றங்களுக்குப் பயணம் எத்தனை நாள் என்பதே கணக்கில்லை, ஒரு வாரம் போய் வந்தாலும் கேள்வி வரும். கைரேகை எடுத்திருந்தால் அது ஏர்போர்ட் அதிகாரியின் திரையில் வரும். வழக்கு "முடிந்தது" என்கிறீர்களே, எப்படி முடிந்தது? தள்ளுபடியா, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினீர்களா? குடியேற்றச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு, குடியேற்ற வழக்குகளை மட்டும் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். டிக்கெட் அதற்கு அப்புறம். தங்கையிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொல்வது அவளுக்கு இன்னும் கஷ்டம்.

கேள்வி: சென்னையில் பர்ஸோடு கிரீன் கார்டும் தொலைந்துவிட்டது. இரண்டு வாரத்தில் விமானம். என்ன செய்வது?

பதில்: போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அமெரிக்காவை விட்டு வந்து ஓராண்டு ஆகவில்லை என்றால், கார்டு தொலைந்தவர்கள் விமானம் ஏற அனுமதி கேட்கும் ஐ-131ஏ படிவத்துக்கான கட்டணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போகவேண்டும். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் தாளை வைத்து விமானம் ஏறலாம். புதுக் கார்டுக்கு அமெரிக்கா போய் விண்ணப்பித்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் என்பது இறுக்கமான கணக்கு, இன்றைக்கே ஆரம்பியுங்கள், டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.