கேள்வி கேட்காத அரங்கு

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் ஒரு கலைக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில், மாலை ஷிஃப்டில், உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் துறை அசோசியேஷன் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன மாதம் முதல் கெஸ்ட் லெக்சர். பின்காலனிய இலக்கியம் பற்றி நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை அழைத்தோம். மூன்று வகுப்பையும் சேர்த்து நூற்றைம்பது பேரை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்தோம். எழுபது நிமிடம் பேசினார். 'எனி கொஸ்டின்ஸ்?' என்றதும் ஒரு கைகூட எழவில்லை. கடைசியில் நானே ஒன்றைக் கேட்டு முடித்து வைத்தேன். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஆனால் வகுப்பில் என்னிடம் நன்றாகவே பேசுகிறார்கள். அடுத்த செமஸ்டரில் இரண்டு லெக்சரும் ஒரு துறை விழாவும் நடத்த வேண்டும். விழா என்றால் பாட்டும் டான்ஸும்தான் என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத் துறை என்று சொல்லிக்கொள்ளும்படி எதைச் செய்வது?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

'வகுப்பில் என்னிடம் நன்றாகவே பேசுகிறார்கள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களுக்குப் பேச்சு வராமல் இல்லை. அந்த அரங்கில், அந்தத் தலைப்பில் வரவில்லை. கேள்வி என்பது விருந்தினர் பேசி முடித்தபின் திடீரென்று முளைப்பதில்லை. ஐந்து நாள் முன்பே அதற்கு விதை போட்டிருக்க வேண்டும்.

முதலில் இடம். நானூறு நாற்காலி உள்ள ஆடிட்டோரியத்தில் நூற்றைம்பது பேரை விட்டால் முதல் ஐந்து வரிசை காலியாகத்தான் இருக்கும். பேசுபவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் முப்பது அடி விழும். அவ்வளவு தூரத்திலிருந்து எழுந்து, மைக் கைக்கு வரும்வரை நின்று, நூற்றைம்பது தலை திரும்பிப் பார்க்க ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பது எம்.ஏ. படித்தவருக்கே உதறும். ஒரு வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐம்பது அறுபது பேர். வகுப்பறையோ செமினார் ஹாலோ போதும். பெஞ்சுகளை மூன்று பக்கமும் திருப்பிப் போட்டால் விருந்தினர் மைக் இல்லாமலே பேசலாம். மின்விசிறிச் சத்தம் தொந்தரவு என்றால் காலர் மைக், அதற்கு மாற்று பேட்டரி இரண்டு. பாதி லெக்சரில் மைக் கரகரக்க ஆரம்பித்தால் முக்கால்வாசி நேரம் பேட்டரிதான் காரணம்.

நேரமும் முக்கியம். மாலை ஷிஃப்டில் கடைசி மணியை விருந்தினருக்குக் கொடுப்பது பெரிய தவறு. கல்லூரி விட்டதும் துணிக்கடைக்கும் கூரியர் ஆபீசுக்கும் ஓட வேண்டிய பையன்கள் இருக்கிறார்கள். வள்ளலார் நகர் போய் அடுத்த பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். ஐந்து மணிக்குமேல் அவர்கள் காது உங்களிடம் இருக்காது. இரண்டாவது மணியை வாங்குங்கள். இன்டர்னல் தேர்வு வாரம் வேண்டாம், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம்.

இனி ஒரு மணி நேரக் கணக்கைப் பாருங்கள். வரவேற்புரை ஐந்து நிமிடம், குத்துவிளக்கு மூன்று, துறைத்தலைவர் உரை எட்டு, முதல்வர் உரை பத்து, விருந்தினர் அறிமுகம் ஆறு, பொன்னாடையும் மெமெண்டோவும் போட்டோவும் ஐந்து. முப்பத்தேழு நிமிடம் போய்விட்டது. விருந்தினர் தன் எழுபதைத் தொடங்கும்போது பிள்ளைகள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள். இத்தனை சடங்கில் அளவோடு இருப்பது தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும்தான். 55 நொடியில் பாட வேண்டும் என்று அரசே 2021இல் வரையறுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பத்து நிமிடத்துக்குள் அடக்குங்கள். முதல்வரை முடிவுரைக்குக் கூப்பிடுங்கள். முடிவில் யாரும் நீட்டமாட்டார்கள்.

வாழ்த்துப் பாடல் என்றதும் ஒன்று. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வந்த கவிதை நாடகம். அதன் கதை லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதைக்கவிதையிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு விழாவிலும் எழுந்து நின்று பாடும் பாட்டு ஆங்கிலத்தைக் கையாண்ட ஒரு தமிழ் நாடகத்தின் தொடக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் துறை மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். அதிலிருந்தே ஒரு அசோசியேஷன் கூட்டம் நடத்திவிடலாம்.

விருந்தினருக்கு அனுப்பும் கடிதத்தில் 'தங்களுக்கு விருப்பமான தலைப்பில்' என்று எழுதாதீர்கள். அவர் தன் ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், பள்ளியில் எந்த மீடியம், இந்த செமஸ்டரில் எந்தப் பாடம் நடக்கிறது, பேச்சு முப்பத்தைந்து நிமிடம், கேள்விக்கு இருபது: இவ்வளவும் கடிதத்தில் இருக்கட்டும். தமிழில் விளக்கினால் மகிழ்வோம் என்றும் ஒரு வரி. உங்கள் ப்ரொஜெக்டர் விஜிஏ ஒயரா, ஹெச்டிஎம்ஐ ஒயரா என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் பதினைந்து நிமிடம் லேப் அசிஸ்டென்டைத் தேடுவதில் போகும். தெற்கிலிருந்து காரில் வருபவராக இருந்தால் எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரி வரிசையைச் சொல்லி, மெட்ரோவில் வரச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு மாணவர்கள் நின்றால் போதும். அந்த இருவரும் வழியில் அவரோடு பேசியிருப்பார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வரும்.

இப்போது அந்த விதை. விருந்தினரிடம் அவர் பேசப்போகும் விஷயத்திலிருந்து முந்நூறு சொல்லுக்கு மேற்படாத ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கவிதையானால் இருபது வரி. ஒரே பக்கத்தில் அடித்து, கடினமான பத்துச் சொல்லுக்குக் கீழே தமிழில் பொருள் போட்டு ஜெராக்ஸ் எடுங்கள். அறுபது பிரதிக்கு நூறு ரூபாயைச் சுற்றித்தான் ஆகும், பொக்கேவைவிட மலிவு. ஐந்து நாள் முன்பே ஒரு வகுப்பில் அதை உரக்க வாசிக்க வையுங்கள், ஆளுக்கு இரண்டு வரி. மறுநாள் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கேள்வி, பெயர் வேண்டாம். அறுபது சீட்டில் நாற்பது ஒரே மாதிரி இருக்கும். 'இந்தக் கவிஞர் எப்போது பிறந்தார்' வகை. பயப்படாதீர்கள். ஏழெட்டு உயிருள்ள கேள்விகள் கட்டாயம் இருக்கும். அவற்றைப் பொறுக்கி, எழுதியவர் யாரென்று விசாரித்து, ஆங்கிலத்தில் சொல்ல விரும்பினால் வாக்கியத்தைச் சரிசெய்து கொடுங்கள். முதல் கேள்வி மட்டும் தமிழில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதில்தான் சூட்சுமம். தமிழில் ஒருவர் கேட்டு விருந்தினர் மதித்துப் பதில் சொல்லிவிட்டால் அறையின் பயம் இறங்கிவிடும், மூன்றாவது கேள்வி தானாகவே ஆங்கிலத்துக்குப் போகும்.

இது ஏற்பாடு செய்த கேள்வி, போலி என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். ஒத்திகை பார்க்காமல் எந்த மேடையும் இல்லை.

விழா விஷயத்துக்கு வருகிறேன். பாட்டும் டான்ஸும் இருந்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வயது அது. வெளியிலிருந்து வருபவர்கள் 'வடசென்னைப் பிள்ளைகளா, கானா பாடுங்களேன்' என்று கேட்பதைத்தான் நான் சகித்துக்கொள்ள மாட்டேன். பாடுகிறவன் தானாகப் பாடினால் அது வேறு. ஒருவன் எந்தப் பேட்டையிலிருந்து வருகிறான் என்று பார்த்து அவனுக்குக் கலையை ஒதுக்கக் கூடாது.

ஆங்கிலத் துறைக்கென்று ஒன்றே ஒன்று செய்யுங்கள் என்றால், ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியைச் சொல்வேன். கொலையான சீஸரின் பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசும் பொதுக்கூட்டம் அது. தெருமுனைக் கூட்டம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் இலக்கணத்தை விளக்க வேண்டியதே இல்லை. கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான். அடுக்கடுக்காக நியாயம் சொல்லிவிட்டு மேடையை எதிராளியிடம் விட்டுப் போகிறான். சீஸரின் நண்பன் ஆண்டனி கவிதையில் பேசுகிறான். 'மதிப்புக்குரியவர்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதையே வசவாக்கிவிடுகிறான். நம் ஊர் மேடைப் பேச்சில் இந்த வித்தையைக் கேட்காதவர் யார்?

முழுக் காட்சியும் சுமார் 270 வரி, இருபது நிமிடத்துக்குமேல் இழுக்கும். பன்னிரண்டு நிமிடத்துக்கு வெட்டுங்கள். ஆண்டனியின் பேச்சை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் நிறுத்தும் இடத்தில் அடுத்தவர் சீஸரின் அங்கியை வாங்கிக்கொண்டு தொடரட்டும். அங்கிக்கு ஒரு பழைய போர்வை, உயிலுக்கு ஒரு சுருட்டிய தாள். செலவு அவ்வளவுதான். கூட்டத்தில் இருபது பேர். பேசவே மாட்டேன் என்கிற பிள்ளைக்குக் கூட்டத்தில் ஒரு வரி கொடுங்கள். 'உயில், உயில், உயிலைப் படி' என்று இருபது பேரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கத்துவதற்கு யாருக்கும் கூச்சம் வராது. அங்கே வாய் திறந்தவர் அடுத்த லெக்சரில் கேள்வி கேட்பார்.

ஒத்திகை ஆறு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். முதல் இரண்டில் நடிப்பே வேண்டாம், உச்சரிப்பு மட்டும். 'ஐ கம் டு பெரி சீஸர், நாட் டு ப்ரெய்ஸ் ஹிம்' என்ற வரியில் முக்கால்வாசிப் பேர் 'பரி' என்பார்கள். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஒலி 'பெரி'. 'கிரீவியஸ்' என்று மூன்று அசையாக இழுப்பார்கள், அது 'கிரீவஸ்', இரண்டே அசை. இதை அகராதியில் காட்டுங்கள், உங்கள் வாய்வார்த்தையாக மட்டும் விடாதீர்கள்.

பிறகு பெஞ்சில் தாளம் தட்டச் சொல்லுங்கள். அந்த வரியில் 'கம்', 'பெ', 'சீ', 'நாட்', 'ப்ரெய்ஸ்' என்று ஐந்து இடத்தில் தட்டு விழும். தமிழ் மீடியம் என்பதைக் குறையாகச் சொல்லும் நாம் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறோம். இவர்கள் பள்ளியில் நேர், நிரை, தேமா, புளிமா என்று சீர் பிரித்து மார்க் வாங்கியவர்கள். அசை என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியும். நம் அசை குறில் நெடிலைப் பார்க்கிறது, ஆங்கிலச் சந்தம் அழுத்தத்தைப் பார்க்கிறது, இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஆங்கில யாப்பை இங்கிருந்து தொடங்குபவர்கள் அரிது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மேடையில் சொதப்பும் இடங்கள் மூன்று. கூட்டம் போடும் சத்தத்தில் ஆண்டனியின் அடுத்த வரி மூழ்கிவிடும், அதற்குக் கூட்டத்தில் ஒருவர் கை தூக்கினால் எல்லோரும் அடங்க வேண்டும் என்று பழக்குங்கள். கையில் மைக் கொடுத்தால் நடிகர் சிலையாகிவிடுவார். ஆகவே மைக் வேண்டாம், ஆடிட்டோரியமும் வேண்டாம், போர்ட்டிகோவில் மூன்று பக்கமும் பார்வையாளர் நிற்க நடத்துங்கள். மூன்றாவது, சீஸராகப் படுத்திருப்பவர் சிரித்துவிடுவார். முகத்தையும் போர்வையால் மூடிவிடுங்கள். நேரம் இருந்தால் அடுத்த குட்டிக் காட்சியையும் சேர்க்கலாம். சீஸரைக் கொன்ற சதிகாரர்களில் ஒருவனுக்கும் சின்னா என்றே பெயர். அந்தப் பெயருக்காக ஒரு கவிஞனைக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. நான் அந்தச் சதிகாரன் இல்லை, கவிஞன் என்று அவன் கதறினால், அப்படியானால் மோசமான கவிதைக்காகக் கிழியுங்கள் என்கிறார்கள். ஆங்கிலத் துறையில் இதற்குக் கிடைக்கும் கைத்தட்டல் வேறெங்கும் கிடைக்காது.

ஆண்டு முழுக்க ஓடுவதற்கு ஒரு சுவரிதழ். நான்கு சார்ட், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கவிதை எழுதச் சொன்னால் வாட்ஸாப் வரிகள்தான் வரும். ஊர்ப் பெயர்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டை ஆங்கிலத்தில் 'வாஷர்மேன்பெட்' ஆனபோது முன்பாதி மொழிபெயர்ந்தது, பின்பாதி அப்படியே நின்றது. தண்டையார்பேட்டை 'டோண்டியார்பெட்' ஆனது மொழிபெயர்ப்பே அல்ல, வெறும் காது. வால்டாக்ஸ் ரோடு எதிர்த்திசை: நகரைச் சுற்றிய மதில் சுவருக்குப் போட நினைத்த வரியின் ஆங்கிலப் பெயர் தமிழ் வாயில் ஊறிப்போய்விட்டது. கடைப் பலகை, பஸ் போர்டு, ஸ்டேஷன் பெயர் என்று ஒரு மாணவர் ஐந்து பெயர் கொண்டுவந்தால் இரண்டு இதழ் நிறையும். மொழிபெயர்ப்புத் தாளுக்கும் அது பயிற்சி. தேதியையும் ஆசிரியர் குழு பெயரையும் சார்ட்டில் எழுதிப் படமெடுத்து வைத்தால் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான 'நாக்' கோப்புக்கும் ஆயிற்று.

கோப்பு வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான்: சுற்றறிக்கை, அழைப்பிதழ், வருகைப் பதிவு, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் படம், அறிக்கை. அன்றே முடித்துவிடுங்கள், செமஸ்டர் கடைசியில் பழைய தேதிக்கு அறிக்கை எழுதுவது நரகம். சன்மானம் ஐயாயிரத்தைத் தாண்டினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீர்கள். ஃபீட்பேக் படிவத்தில் எல்லோரும் 'எக்ஸலன்ட்' டிக் அடிப்பார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. கீழே ஒரு கோடு போட்டு, இன்று கேட்டதில் நினைவிருக்கும் ஒரு வாக்கியம் என்று கேளுங்கள். எந்தப் பேச்சு உள்ளே போயிற்று என்று அதில் தெரிந்துவிடும்.

தேதி: பொங்கலுக்குப் பிறகு ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரிக்குள் லெக்சர்களையும் விழாவையும் முடித்துவிடுங்கள். அடுத்த வருடம் அக்டோபர், நவம்பரில் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு பெரிய மழைக்கு வியாசர்பாடி சுரங்கப்பாதை நிரம்பினால் பாதி வகுப்பு வராது.

விருந்தினராக யாரை அழைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. போன மாதம் எழுபது நிமிடம் பேசினாரே, அவரையே மறுபடி அழையுங்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பறைக்கு, அதே விஷயத்துக்கு, முப்பத்தைந்து நிமிடத்துக்கு. அவரிடமிருந்து ஒரு பக்கம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.