இரண்டு யூஎஸ்எம்மும் ஒன்றல்ல

கேள்வி: பாலக்கோட்டில் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன், அண்ணா. கையில் கேனான் 80டி கேமரா, பழைய 50 எம்எம் 1.8 லென்ஸ். வீடியோவில் லென்ஸ் கிர்கிரென்று கத்துவது அப்படியே பதிவாகிறது. தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவும் எடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் 70-200 எஃப்4 எல் லென்ஸ் ஒன்றும், 70-300 ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் உள்ளது) ஒன்றும் ஒரே விலைக்கு வருகின்றன. இரண்டிலும் யூஎஸ்எம், அதாவது ஃபோகஸை நகர்த்தும் அல்ட்ராசானிக் மோட்டார், என்றுதான் போட்டிருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: 70-300 இரண்டாம் பதிப்பாக இருந்தால் அதை வாங்குங்கள், தம்பி. நிபந்தனையோடு ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில்.

உங்கள் 50 எம்எம் 1990 மாடல் என்றால் உள்ளே இருப்பது பொம்மைக் காரில் இருப்பது போன்ற சின்ன டிசி மோட்டார். கத்துவது பெரும்பாலும் அதன் பல்சக்கரங்கள். அதை விற்றுவிட்டு 2015-ல் வந்த 50 எஸ்டிஎம் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சத்தம் குறையும், ஆனால் முழுசாகப் போகாது. எஸ்டிஎம் என்பது ஸ்டெப்பிங் மோட்டார். ஒரு மின்துடிப்புக்கு ஒரு சின்ன அடி என்று அளந்து திரும்பும். 18-55 எஸ்டிஎம்மில் அது திருகுத் தண்டு வழியாக லென்ஸை நகர்த்துவதால் சத்தம் காதில் விழாது. 50-ல் மறுபடியும் பல்சக்கரம்தான். அதற்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். 80டியில் மைக் சாக்கெட் இருக்கிறது. கெட்டிமேளம் கொட்டும்போது எந்த மோட்டாரும் கேட்காது. பெண்ணின் பாட்டி கண்கலங்கிப் பேசும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் மானம் போகும்.

இனி பெரிய லென்ஸ்கள். 1999-ல் வந்த 70-200 எஃப்4-ல் இருப்பது ரிங் யூஎஸ்எம். லென்ஸைச் சுற்றி ஒரு உலோக வளையம். அதில் ஒட்டிய பீங்கான் துண்டுகள் மின்சாரம் பட்டதும் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்கின்றன. அந்த அதிர்வு அலையாக ஓடி, மேலே அழுத்தியிருக்கும் இன்னொரு வளையத்தைச் சுழற்றும். பல்சக்கரமே இல்லை. வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கும்போது, எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று கேமரா கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ரிங் மோட்டார் ஒரே பாய்ச்சலில் அங்கே போய் நிற்கும். தடுப்புக்கு நடுவே காளை நேராக உங்களை நோக்கி வரும்போது இந்தப் பாய்ச்சல்தான் வேண்டும். ஸ்டில் மட்டும் எடுப்பவர் என்றால் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன்.

வீடியோவில் அதே குணம்தான் தொல்லை. மாப்பிள்ளை முகத்திலிருந்து தாலிக்கு ஃபோகஸ் நகரும்போது வெடுக்கென்று குதிக்கும், நிற்கும், ஒரு சின்ன உதறல். 80டி மெனுவில் மூவி சர்வோ ஏஎஃப் வேகம், அதாவது வீடியோவில் ஃபோகஸ் தானாக நகரும் வேகம், என்று ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அதைக் குறைத்தால் ஃபோகஸ் மெதுவாக வழுக்கிப் போகும். ஆனால் 2009 முதல் வந்த யூஎஸ்எம், எஸ்டிஎம் லென்ஸ்களுக்குத்தான் அது வேலை செய்யும். 1999 லென்ஸ் அதற்கு மசியாது. போதாததற்கு அந்தப் பழைய எஃப்4-ல் ஸ்டெபிலைசரும் இல்லை. 200-ல் கையில் பிடித்து வீடியோ எடுத்துப் பாருங்கள், புரியும்.

2016-ல் வந்த 70-300 இரண்டாம் பதிப்பில் நானோ யூஎஸ்எம். அதே பீங்கான் அதிர்வுதான். ஆனால் வளையம் இல்லை, விரல்நகம் அளவு சின்னத் துண்டு. சுழற்றாமல், ஃபோகஸ் லென்ஸை நேர்கோட்டில் தள்ளும். தள்ள வேண்டிய எடையும் குறைவு. அதனால் காளைக்கு வேகமாகவும் ஓடும், தாலிக்கு மெதுவாகவும் நகரும். ஸ்டெபிலைசரும் உண்டு. குறை என்றால், வெளிச்சம் வாங்குவதில்தான். ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் துளை எஃப்5.6 வரை சுருங்கிவிடும். ராத்திரி ரிசப்ஷனில் லைட் போடாமல் இதை நம்பாதீர்கள். அங்கே உங்கள் பழைய 50-தான் கைகொடுக்கும்.

பின்னால் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போனால் லீனியர் மோட்டார் லென்ஸ்கள் வரும். சுருளும் காந்தமும்தான். அவற்றில் சில, கேமராவை அணைத்துக் குலுக்கினால் உள்ளே லொடலொடவென்று ஆடும். உடைந்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது பிடித்து வைக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த நிபந்தனை. 70-300 ஐஎஸ் யூஎஸ்எம் 2005-லும் ஒன்று வந்தது. அதில் இருப்பது மைக்ரோ யூஎஸ்எம், பல்சக்கரத்தோடு. ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கக் கண்ணாடி சுழலும், வேகமும் கிடையாது. புதியதில் லென்ஸின் மேல் தூரம் காட்டும் குட்டி டிஜிட்டல் திரை இருக்கும். விற்பவர் அனுப்பும் படத்தில் அந்தத் திரை தெரியவில்லை என்றால், 70-200 விலைக்கு அதை வாங்காதீர்கள்.